எல்லைப் பக்கத்துப் பெற்றோர் கேட்பவை: ஆட்டிசம், இரண்டு வயது முதல் முதுமை வரை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சிச் சாலையை ஒட்டிய எங்கள் ஊர்களில் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், பெரிய மருத்துவமனை என்றால் கோயம்புத்தூர். என் மகனுக்கு இப்போது 24 வயது. ஐந்தாவது வயதில்தான் அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. தமிழ் வழித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பதால் ரேஷன் கடை வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பவர்கள் பலர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரை அதே கேள்விகள்தான் வருகின்றன. நின்றபடி சொன்ன பதில்களை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து, பரிசோதனை எதுவானாலும் முடிவு மருத்துவரோடு பேசித்தான்.

ஆட்டிசம் என்பது நோயா?

நோய் இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதை உறுதி செய்கிறார்கள். பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் உள்ள சிரமம் ஒன்று. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒன்றிலேயே ஆழ்ந்திருப்பது, ஓசை, ஒளி, தொடுதல் இவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது மற்றொன்று. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. அவருக்கு முன்பே, 1920களில், சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இப்படிப்பட்ட சிறுவர்களைத் துல்லியமாக விவரித்திருந்தார். அஸ்பெர்கர் என்று தனியாகச் சொல்லப்பட்டதும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டிலிருந்து இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. அறிவுத்திறன் குறைபாடு கூடவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பேரனுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. "இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்" என்கிறார் அப்பத்தா. காத்திருக்கலாமா டீச்சர்?

காத்திருக்க வேண்டாம். அப்பத்தா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாம் முதலில் கவனிக்க வேண்டியது பேச்சுக்கு முன்னால் வருபவற்றை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? ஒன்றரை வயதில் காக்காயையோ பஸ்ஸையோ விரலால் சுட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையை மட்டும் பிடித்துக்கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைக்கிறானா? வந்த சொற்கள் மறைந்து போயினவா? வந்த பேச்சு போவது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய அறிகுறி.

நாக்கில் வசம்பு தேய்ப்பதிலும் கோயிலில் மந்திரித்துக் கட்டுவதிலும் வீட்டுப் பெரியவர்களின் பாசம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்காக ஆறு மாதம் போய்விடக் கூடாது. என் மகன் மூன்று வயதில் கோபாலபுரம் வழியாகப் போகும் பஸ்களின் பலகை எல்லாவற்றையும் தமிழிலும் மலையாளத்திலும் படித்தான். பள்ளியில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பசித்தால் சோறு கேட்கத் தெரியாதவன் பலகை படிக்கிறானே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டு வருடங்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

எங்கே காட்டுவது?

அங்கன்வாடியிலிருந்தே தொடங்கலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி 18 வயது வரை உள்ளவர்களுக்கு வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறியும் பரிசோதனை இலவசம். அங்கிருந்து மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கல்லேட்டும்கரையில் உள்ள நிப்மர், கோழிக்கோட்டில் உள்ள ஒன்றிய அரசின் கூட்டு மண்டல மையம், தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவை மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் உள்ள அரசு இடங்கள்.

மதிப்பீட்டுக்கு வரிசையில் காத்திருக்கும்போதே தெரபியை, அதாவது பேச்சு, விளையாட்டு வழியான பயிற்சியை, தொடங்கிவிடலாம். ஆட்டிசம் என்று எழுதிய காகிதம் கைக்கு வந்த பிறகுதான் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஸ்கேன், இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். வலிப்புச் சந்தேகம் இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுப்பார்கள். மற்றபடி குழந்தையைக் கவனித்தும் பெற்றோரிடம் விவரமாகக் கேட்டும்தான் முடிவு. 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. அது சல்லடை மாதிரி. அதில் வந்துவிட்டதாலேயே ஆட்டிசம் என்று ஆகிவிடாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படுவது ஐசா என்ற அளவுகோல். 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. பத்து நிமிடத்தில், குழந்தையை மடியிலிருந்து இறக்காமலேயே யாராவது முடிவு சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். மூன்று மொழி குழப்பும், ஒன்றை மட்டும் பேசுங்கள் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் தவறில்லை.

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் போன ஒரு தெரபி மையத்தில், இனிமேல் தமிழ் வேண்டாம், மலையாளமோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள் என்றார்கள். எட்டு மாதம் கடைப்பிடித்தோம். என் அம்மாவுக்கு மலையாளம் பேச வராது. பேரனிடம் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று அம்மாயி பேச்சையே குறைத்துக்கொண்டார். தாலாட்டு நின்றது, சோறூட்டும்போது சொல்லும் கதை நின்றது. என் மகனுக்கு மொழி கூடவில்லை. அவனிடம் பேசும் ஆட்கள்தான் குறைந்தார்கள்.

இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரே மொழி கேட்டு வளர்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. இரண்டாவது மொழி பேச்சைப் பின்னுக்கு இழுக்கிறது என்று அவை காட்டவில்லை. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் அதட்டவும் பாடவும் வருகிறதோ அந்த மொழியில் பேச வேண்டும். எங்கள் வீடுகளில் அது தமிழ்.

இதன் மறுபக்கம் மதிப்பீட்டில் தெரியும். நல்ல மனதுடைய தெரபிஸ்ட் ஒருவர் குழந்தையிடம் "வெள்ளம் வேணோ?" என்று மலையாளத்தில் கேட்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் வீட்டுக் குழந்தைக்கு அது ஆற்றில் வருவது. பூனைப் படத்தைக் காட்டி "பூச்ச எவிடே?" என்றால் அவன் சுவரில் பூச்சியைத் தேடுவான், இல்லையென்றால் சும்மா இருப்பான். சும்மா இருந்தால் புரிதல் இல்லை என்று மதிப்பெண் குறையும். ஆகவே மதிப்பீட்டுக்குப் போகும் முன் இரண்டு நாள் உட்கார்ந்து, குழந்தைக்குப் புரியும் சொற்களையும் சொல்லும் சொற்களையும் தமிழில் எழுதி, பக்கத்தில் அவற்றின் மலையாளச் சொல்லையும் எழுதிக்கொண்டு போங்கள். கேள்விகளை நீங்கள் தமிழில் திருப்பிக் கேட்க அனுமதி கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் மறுத்தவர் யாரும் இல்லை, கேட்கவேண்டும் என்று தெரியாமல்தான் பல வருடம் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. சில குழந்தைகள் பேசத் தொடங்கும்போது செய்தி வாசிப்பவர் போல எழுத்துத் தமிழில் பேசுகிறார்கள். சிலர் கைபேசியில் பார்த்த கார்ட்டூன் ஆங்கிலத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். "சாப்பிடுகிறாயா?" என்று கேட்டால் "சாப்பிடுகிறாயா?" என்றே பதில் வரும். உறவினர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள், திருத்தவும் அவசரப்படாதீர்கள். அந்த எதிரொலி பெரும்பாலும் "ஆமாம், வேண்டும்" என்பதற்கான அவனுடைய வழி. நீங்கள் "எனக்குச் சோறு வேண்டும்" என்று அவன் இடத்தில் நின்று சொல்லிக்கொண்டே தட்டை வையுங்கள்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடுமா?

போகாது. பட அட்டையும் பேசும் செயலியும் பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளுக்குப் பேச்சுக்கு வழிகாட்டுகின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி இதற்கானது. காசு செலவழிக்காமலும் தொடங்கலாம்: தண்ணீர்ச் செம்பு, செருப்பு, இட்லி, கழிவறை, ஊஞ்சல் ஆகியவற்றை உங்கள் வீட்டிலேயே படம் எடுத்து, அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கடையில் வாங்கும் அட்டையில் இருக்கும் ஆப்பிளைவிட உங்கள் வீட்டுச் செம்பு அவனுக்கு நன்றாகப் புரியும்.

எதனால் வந்தது? தடுப்பூசியாலா, கைபேசியாலா, நான் வேலைக்குப் போனதாலா?

மூன்றும் காரணம் இல்லை. மரபணுக்களின் பங்கு பெரிது. ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அதனால் தம்பி தங்கையையும் சிறுவயதிலிருந்தே கவனியுங்கள். தடுப்பூசிக் கதை 1998இல் 12 குழந்தைகளை வைத்து ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, தட்டம்மை உள்ளிட்டவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று உறுதி செய்தது. கைபேசி ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் அது விழுங்கும் நேரம் குழந்தை மனிதர்களோடு இருக்க வேண்டிய நேரம், அதனால் குறைத்தே ஆகவேண்டும்.

அம்மாவின் பாசக் குறைவால் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அது பொய் என்று நிரூபணமாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்னும் மருமகளிடம் அதைச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு நானே போய்ப் பேசத் தயார்.

ஸ்டெம் செல் போட்டால் குணமாகும் என்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கான ஸ்டெம் செல் சிகிச்சையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்கவில்லை. உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன் உயிருக்கே ஆபத்து. கோதுமையையும் பாலையும் நிறுத்துவதால் பயன் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சோறும் தயிரும் தவிர எதையும் வாயில் வைக்காத குழந்தையிடமிருந்து தயிரைப் பறித்தால் பிறகு எதைக் கொடுப்பீர்கள்? ஆட்டிசத்தையே போக்கும் மருந்து எதுவும் கிடையாது. கடும் எரிச்சல், தன்னையே அடித்துக்கொள்வது, தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்துகள் உண்டு. அவை மனநல, நரம்பியல் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். குணமாக்கித் தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுப்பவரைப் பார்த்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பாதி மறுப்புகள் அங்கேயே தளர்ந்துவிடும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பின் துணையோடு, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகள் உண்டு. எங்கள் பக்கம் மனு எழுதத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் தரையில் விழுந்து கத்துகிறாள். அடம்தானே?

அடம் பிடிக்கும் குழந்தை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இவள் எதையும் கேட்கவில்லை. செண்டை மேளமும் வெடியும் அவளுக்கு உடல் வலி. மலையாள மீன மாதம் 20ஆம் தேதி நெம்மாறை வல்லங்கி வேலத் திருவிழாவின் வெடிக்கட்டைக் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2ஐ ஒட்டியே அது வருகிறது. அந்த வாரம் எத்தனை குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறார்கள் என்று நான் நினைக்காத வருடம் இல்லை. காலையில் கூட்டம் சேரும் முன் போய் யானையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். காதுக்கு ஒலிமறைப்பான் போடலாம். விழுந்துவிட்டால் திட்டாமல், பேசாமல், வெளிச்சம் குறைந்த இடத்துக்கு நகர்த்துங்கள்.

கண் மூடித் திறப்பதற்குள் வெளியே ஓடிவிடுகிறான்.

இதை அவசரமாகப் படியுங்கள். ஆட்டிசக் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் பெரிய ஈர்ப்பு. வீட்டைவிட்டு ஓடும் குழந்தைகளின் உயிரிழப்பில் மூழ்குவதே முதன்மைக் காரணம். எங்கள் ஊர்களில் தோப்புக் கிணறும் கால்வாயும் பண்ணைக் குட்டையும் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். கதவுக்கு மேல் பக்கத்தில் தாழ்ப்பாள் போடுங்கள், கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள், நீச்சல் கற்றுக்கொடுங்கள். காணோம் என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். சட்டை உள்புறம் தைக்கும் துணியில் பெயரும் தொலைபேசி எண்ணும் தமிழ், மலையாளம் இரண்டிலும் இருக்கட்டும், கண்டெடுப்பவர் எந்தப் பஸ்ஸில் இருப்பார் என்று தெரியாது.

வயதுக்கு வரப்போகிறாள். எப்படித் தயார் செய்வது?

ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்குங்கள். பொம்மைக்கும் பிறகு அவளுக்கும் நாப்கின் வைத்துப் பழக்குங்கள், சிவப்பு மை தொட்டுக் காட்டுங்கள். உடலில் யார் தொடலாம், எந்தக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஆண் பிள்ளைக்கும் இதே அளவு சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் பருவத்தில் வலிப்பு புதிதாகத் தொடங்கக்கூடும், வெறித்துப் பார்த்து நின்றுவிடுவதையும் கவனியுங்கள்.

எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது அந்த அறிகுறிகள் எல்லாம் என்னுடையவை என்று பட்டது. இந்த வயதில் பரிசோதிக்க முடியுமா அக்கா?

முடியும், நடக்கிறது. பெண்கள் பலர் சிறுவயதிலேயே மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நேரத்தையும் பேசும் விதத்தையும் ஒத்திகை பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பி இரண்டு நாள் எழ முடியாமல் படுத்திருப்பதை வீட்டில் சோம்பல் என்பார்கள். பதற்றம், மனச்சோர்வு என்று வேறு பெயர்களில் மருந்து சாப்பிட்டிருப்பார்கள். மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போகும்போது, உங்கள் குழந்தைப் பருவத்தைப் பார்த்த அம்மாவையோ அத்தையையோ அழைத்துச் செல்லுங்கள், பழைய பள்ளி அறிக்கைகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் பேசலாம்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஆட்டிசம் உள்ளவர்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக வாழ்கிறார்கள். மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு உயிர்களுக்குச் செய்யும் தீங்கு.

மகனுக்கு 18 ஆகிறது. என்ன செய்ய வேண்டும்?

18 முடிந்ததும் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆவதில்லை. முடிவெடுக்கத் துணை தேவைப்படுபவர்களுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள், கையெழுத்துப் போடும் உரிமை அவனுடையது. அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும், மாநில எல்லையான வாளையாறைத் தாண்டினாலும் செல்லும். ஆனால் மாத உதவித்தொகை அந்தந்த மாநிலத்தின் குடியிருப்பாளர்களுக்கு மட்டும். ரேஷன் அட்டை கேரளத்திலும் ஆதார் பொள்ளாச்சி முகவரியிலுமாக இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். சான்றிதழுக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, அரசுப் பணி ஒதுக்கீட்டில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. என் மகன் ஒரு நாற்றுப் பண்ணையில் மண் பை நிரப்புகிறான். வாரத் திட்டத்தை முதலாளி பலகையில் எழுதிவைப்பார். மாறினால் முந்தின நாளே சொல்லிவிடுவார். அவனுக்குச் செய்துதரப்பட்ட வசதி அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு 58 வயது. ஊரில் "அப்பாவி" என்பார்கள். யாரும் மருத்துவரிடம் காட்டியதில்லை. இப்போது திடீரென்று சுவரில் தலையை மோதுகிறார்.

முதலில் பல், காது, வயிறு. வலியைச் சொல்லத் தெரியாதவர்களின் நடத்தை திடீரென மாறினால் உடலில் எங்கோ வலி என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். மலச்சிக்கல், சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, பார்வைக் குறைவு, சாப்பிடும் மருந்தின் பக்க விளைவு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீட்டில் யாராவது இறந்தார்களா, அவர் உட்காரும் திண்ணையை இடித்தீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் முன் அந்த அறையின் படத்தைக் கைபேசியில் காட்டுங்கள், காலையில் முதல் ஆளாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கானரின் 11 குழந்தைகளில் முதலாமவரான டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பியில் தன் சொந்த ஊரிலேயே வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023இல் 89 வயதில் இறந்தார். அந்தச் சிற்றூர் அவரைத் தன்னில் ஒருவராகவே வைத்துக்கொண்டது. சித்தப்பாவை ஐம்பது வருடமாகச் சோறு போட்டுத் திண்ணையில் இடம் கொடுத்து வைத்திருக்கும் உங்கள் ஊரும் அதைத்தான் செய்திருக்கிறது. பெயர் தெரிந்தால் இப்போது உதவியும் சேரும், சான்றிதழுக்கு வயது வரம்பு இல்லை.

எங்களுக்குப் பிறகு?

இரவில் எனக்கும் தூக்கம் வராத கேள்வி. செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். ஒரு நூறு பக்க நோட்டில் அவனைப் பற்றி எழுதிவருகிறேன், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். என்ன மருந்து, எந்த மருத்துவர், வங்கிக் கணக்கு, அட்டை எண், பாதுகாவலராக ஒப்புக்கொண்ட என் தங்கை மகன் பெயர் எல்லாம் அதில் உண்டு. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான பட்ஸ் மறுவாழ்வு மையத்தில் மாதம் சில நாட்கள் நான் இல்லாமல் இருந்து பழகுகிறான். அந்த நோட்டைத் திறப்பவருக்கு முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்: "காலையில் தோசை ஆறியிருக்க வேண்டும். சட்னி தனிக் கிண்ணத்தில். மழை வந்தால் பஸ் தாமதமாகும் என்று முன்பே சொல்லுங்கள். அவன் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லுங்கள்."